கபடியில் தலையில் அடிபட்டால் என்ன செய்வது? புதிதாக ஆட வருபவர்களுக்கும் அணி நடத்துபவர்களுக்கும்

கபடியில் முழங்கால் பிசகினால் எல்லோருக்கும் விவரம் தெரியும். ஐஸ் வைப்பார்கள், கட்டுப் போடுவார்கள், ஒரு மாசம் ஆடாதே என்பார்கள். தலையில் அடிபட்டவனுக்கு மட்டும் முகத்தில் தண்ணீர் அடித்து, கன்னத்தில் ரெண்டு தட்டு தட்டி, "ஒண்ணும் இல்லடா, எந்திரி" என்று மறுபடியும் கோட்டுக்குள் அனுப்பிவிடுகிறோம். இது மாறவேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். இந்த வருஷம் புதிதாக அணியில் சேர்ந்த பையனோ பெண்ணோ, அவர்களுடைய அப்பா அம்மாவோ, ஊரில் பிள்ளைகளைச் சேர்த்து அணி நடத்தும் அண்ணனோ, யாராக இருந்தாலும் இப்போதே முழுசாகப் படித்துவிடுங்கள். அடிபட்ட நிமிஷத்தில் போனை எடுத்துத் தேடிப் படிக்க நேரம் இருக்காது.

உள்ளே என்ன நடக்கிறது

மூளை மண்டையோட்டுக்குள் திரவத்தில் மிதந்தபடி இருக்கிறது. தலை வேகமாகப் போய்ச் சட்டென்று நிற்கும்போதும், அதைவிட முக்கியமாகப் பக்கவாட்டில் வெடுக்கென்று திரும்பும்போதும், மூளைத் திசு இழுபட்டு முறுக்கிக்கொள்கிறது. நரம்பு செல்களுக்குள் இருக்கவேண்டிய பொட்டாசியம் வெளியே கசிகிறது, கால்சியம் உள்ளே புகுகிறது. இதைச் சரிக்கட்ட மூளைக்கு வழக்கத்தைவிட அதிகமாகக் குளுக்கோஸ் வேண்டும், ஆனால் அதே நேரத்தில் மூளைக்குப் போகும் ரத்த ஓட்டம் குறைந்துவிடுகிறது. தேவை கூடி வரத்து குறைந்த இந்த நாட்களில் மூளை இன்னொரு அடியைத் தாங்கும் நிலையில் இல்லை. டாக்டர்கள் கன்கஷன் என்று சொல்வது இதைத்தான்.

இதிலிருந்து ரெண்டு விஷயம் தெரிந்துகொள்ளலாம். ஒன்று, தலையில் நேரடியாக அடி விழவேண்டும் என்று கட்டாயமே இல்லை. நெஞ்சில் வாங்கும் பலமான டேஷ் (உடம்பால் முட்டித் தள்ளுவது) தலையை முன்னும் பின்னும் உதறினாலே போதும். இன்னொன்று, இது செல்கள் அளவில் நடக்கும் கோளாறு என்பதால் சாதாரண சிடி ஸ்கேனில் தெரியாது. ஸ்கேன் எடுப்பது ரத்தக்கசிவு இருக்கிறதா, எலும்பு உடைந்திருக்கிறதா என்று பார்க்க. "ஸ்கேன் நார்மல், அதனால் நாளைக்கு ஆடலாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அப்புறம், மயக்கம் போட்டால்தான் மூளையில் அடி என்ற நினைப்பை இன்றோடு விட்டுவிடுங்கள். கன்கஷன் ஆனவர்களில் பெரும்பாலானவர்கள் நினைவு தப்புவதே இல்லை.

ஆட்டத்துக்கு முந்தின நாள் வேலை

முதல் படி, ஆடாத ஒருவரைத் தேர்ந்தெடுத்து, "தலையில் அடிபட்டதாக இவருக்குச் சந்தேகம் வந்தால் இவர் சொல்வதுதான் முடிவு, மறுபேச்சு கிடையாது" என்று அணி முழுக்க ஒத்துக்கொள்வது. கேப்டனாக இருக்கக்கூடாது, கோச்சாகவும் இல்லாமல் இருந்தால் நல்லது. ஆட்டம் 28-28 என்று நிற்கும்போது ஜெயிக்கத் துடிக்கும் ஆளிடம் இந்த முடிவைக் கொடுக்கக்கூடாது. அடிபட்டவனிடம் கொடுக்கவே கூடாது, ஏனென்றால் "எனக்கு ஒண்ணும் இல்லை" என்று சொல்லவேண்டிய அதே மூளைக்குத்தான் அடி பட்டிருக்கிறது. இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஆளை வெளியே எடுத்தால் அணி பாதியில் நிற்கும் என்ற பயமும் வேண்டாம். களத்தில் 7 பேர், வெளியே மாற்று ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள். மாற்று ஆள் என்பவர் இதற்கும்தான்.

அடுத்தது மைதானம். மின்னொளிப் போட்டிகளில் கோட்டுக்கு ஒட்டியே நாற்காலி போடுவதும், டியூப்லைட் கட்டிய கம்பத்தை லாபிக்கு (களத்தின் பக்கவாட்டு ஓரப்பட்டைக்கு) பக்கத்திலேயே நடுவதும் பல ஊர்களில் வழக்கமாக இருக்கிறது. டேஷ் வாங்கி வெளியே பறக்கும் ரெய்டரின் (பாடிப் போகும் ஆட்டக்காரரின்) பின்மண்டை போய் விழும் இடம் அதுதான். கம்பத்தைத் தள்ளி நடச் சொல்லுங்கள், முடியாவிட்டால் பழைய மெத்தையோ வைக்கோல் நிரப்பிய சாக்கோ கட்டச் சொல்லுங்கள். மண் களமாக இருந்தால் கொத்தி, தண்ணீர் தெளித்து, கல் பொறுக்கிவிட்டுத்தான் கோடு போடவேண்டும். மேட் என்றால் ஓரங்கள் தூக்கிக்கொண்டு நிற்காமல் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

சிடி ஸ்கேன் வசதியுள்ள ஆஸ்பத்திரி பக்கத்தில் எது, போக எவ்வளவு நேரம் ஆகும், ராத்திரி 11 மணிக்கு வண்டி யாருடையது, 108 ஆம்புலன்ஸ் மைதானத்துக்குள் வர வழி இருக்கிறதா அல்லது பைக்குகள் அடைத்து நிற்கின்றனவா, இதையெல்லாம் அந்த முடிவெடுக்கும் ஆள் முன்கூட்டியே பார்த்துவைக்கவேண்டும். எல்லா ஆட்டக்காரர்களின் வீட்டு நம்பரும் அவர் போனில் இருக்கட்டும்.

எந்தப் பிடியில் எப்படி அடிபடுகிறது

பார்க்கத் தெரிந்தால்தான் கண்டுபிடிக்க முடியும். கார்னரில் நிற்பவர் கணுக்காலைப் பிடிக்கக் குனிந்து பாயும்போது, ரெய்டரின் முழங்காலோ குதிகாலோ நெற்றிப்பொட்டில் மோதுகிறது. ரெண்டு பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் பாயும் ரெண்டு பிடியாட்களின் தலைகள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்கின்றன. இதில் யாருக்கு அடி என்று யாரும் கவனிப்பதில்லை, ஏனென்றால் எல்லார் கண்ணும் ரெய்டர் மேல் இருக்கிறது. பிடிபட்ட ரெய்டர் மேல் நாலைந்து பேர் விழும்போது அவருடைய தலை தரைக்கும் யாரோ ஒருவரின் இடுப்புக்கும் நடுவில் மாட்டுகிறது. குவியல் கலைந்த பிறகு கடைசியாக எழுந்திருப்பவரைப் பாருங்கள்.

சந்தேகப்பட என்ன வேண்டும்

இவற்றில் ஒன்று இருந்தால் போதும். அசையாமல் கிடப்பது, மெதுவாக எழுந்திருப்பது, எழுந்ததும் தள்ளாடுவது, தலையைக் கையில் பிடித்துக்கொள்வது, வெறித்துப் பார்ப்பது, எதிரணிப் பக்கம் போய் நிற்பது, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பது, பதில் சொல்லத் தாமதிப்பது. அவர் சொல்லித் தெரியவருபவை தலைவலி, குமட்டல், கண் கூசுவது, பார்வை மங்குவது, காதில் இரைச்சல், தலை பாரமாக இருப்பது, "என்னமோ மாதிரி இருக்குண்ணே" என்ற பேச்சு. காரணமில்லாமல் அழுவதும், சம்பந்தமில்லாமல் கோபப்படுவதும் இதில் சேர்த்திதான். சுபாவமாகவே சாதுவான பையன் திடீரென்று நடுவரிடம் சண்டைக்குப் போனால், அது திமிர் என்று முடிவுகட்டும் முன் தலையில் பட்டதா என்று கேளுங்கள்.

பெரியவர்கள் என்றால் சில கேள்விகள் கேட்கலாம்: இப்போ எந்த ஊரில் ஆடுகிறோம், முதல் பாதியா ரெண்டாம் பாதியா, கடைசிப் பாயின்ட் யார் எடுத்தது, போன ஆட்டம் யாரோடு, ஜெயித்தோமா தோற்றோமா. ஒன்றுக்குத் தப்பான பதில் வந்தாலும் வெளியே. ஆனால் எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொல்லிவிட்டால் உள்ளே அனுப்பலாம் என்று அர்த்தமில்லை.

ஏன் என்று கேட்டால், 2019 ஆகஸ்ட்டில் லார்ட்ஸ் டெஸ்டில் நடந்ததைச் சொல்வேன். ஜோஃப்ரா ஆர்ச்சர் வீசிய பந்து ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தில் பட்டது. அணி டாக்டர் பார்த்தார், ஸ்மித் பரிசோதனைகளில் தேறினார், அன்றைக்கே திரும்பி வந்து பேட்டிங் செய்து 92 ரன்னில் அவுட் ஆனார். அறிகுறிகள் அதற்குப் பிறகுதான் தலைகாட்டின; மறுநாள் அவர் ஆட்டத்திலிருந்து விலக்கப்பட்டு, அவருக்குப் பதிலாக மார்னஸ் லபுஷேன் இறங்கினார். அதே மாதம்தான் ஐசிசி கன்கஷன் மாற்று ஆள் விதியைக் கொண்டுவந்திருந்தது. டாக்டர் கூடவே இருக்கும் உலகத்தரமான அணியிலேயே அறிகுறிகள் இப்படித் தாமதமாக வருகின்றன என்றால், ஊர்த் திடலில் அஞ்சு கேள்வி கேட்டு நாம் என்ன முடிவு செய்ய முடியும்?

அதனால் விதி எளிமையானது: சந்தேகம் வந்தால் வெளியே, அன்றைக்குத் திரும்ப உள்ளே கிடையாது. அரை மணி நேரத்தில் தலைவலி போய்விட்டாலும் கிடையாது, ஃபைனல் என்றாலும் கிடையாது.

விழுந்தவர் எழுந்திருக்கவில்லை என்றால்

கையையும் காலையும் பிடித்துத் தூக்கி ஓரத்தில் போடுவதுதான் நம் ஊரில் முதலில் நடப்பது. அதைச் செய்யவே கூடாது. தலையில் பலமாக அடிபட்டு நினைவில்லாமல் கிடப்பவருக்குக் கழுத்தெலும்பிலும் அடி இருக்கிறது என்று எடுத்துக்கொண்டுதான் நடக்கவேண்டும். ஒருவர் தலைமாட்டில் மண்டியிட்டு, ரெண்டு கையாலும் தலையை அசையாமல் பிடித்துக்கொள்ளட்டும். இன்னொருவர் 108-க்குப் போன் போடட்டும். ஆட்டத்தை நிறுத்தி, கூட்டத்தைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். மைக் வைத்திருப்பவர் இதற்கு ரொம்ப உதவுவார்.

மூச்சு இருக்கிறதா என்று நெஞ்சைப் பாருங்கள். மூச்சு இல்லை, அல்லது விட்டு விட்டு இழுக்கிறது என்றால் கழுத்தைப் பற்றி யோசித்து நேரம் கடத்தாதீர்கள்: நெஞ்சின் நடுவில் ரெண்டு கையையும் வைத்து, நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்தத் தொடங்கி, ஆம்புலன்ஸ் வரும்வரை விடாமல் செய்யவேண்டும். மூச்சு இருந்து வாந்தி வருகிறது என்றால், தலை, கழுத்து, முதுகு மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருக்கும்படி மூன்று நாலு பேர் சேர்ந்து ஒரே நேரத்தில் பக்கவாட்டில் திருப்புங்கள்.

வலிப்பு வந்தால் கையில் சாவியைத் திணிக்காதீர்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், கைகால்களை அமுக்கிப் பிடிக்காதீர்கள். சுற்றி இடிக்கும்படி இருக்கும் பொருள்களை நகர்த்திவிட்டு, நின்றதும் மூச்சைப் பாருங்கள். சோடா, காபி, தண்ணீர் எதையும் நினைவு தெளியாதவர் வாயில் ஊற்றக்கூடாது, புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய அறிகுறிகள்

நடந்து வெளியே வந்தவராக இருந்தாலும் இவற்றில் எது வந்தாலும் கிளம்பிவிடவேண்டும்: கொஞ்ச நேரமாவது நினைவு தப்பியது, வலிப்பு, திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, கழுத்துவலி, ரெட்டையாகத் தெரிவது, கைகால் மரத்துப்போவது அல்லது பலம் குறைவது, பேச்சுக் குழறுவது, குழப்பமோ படபடப்போ அதிகமாவது, எழுப்பினால் எழாத தூக்கம், காதிலோ மூக்கிலோ ரத்தம் அல்லது தண்ணீர் மாதிரியான திரவம் வடிவது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர் என்றால் அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் போகவேண்டும்.

இதில் ஏமாற்றக்கூடிய ஒன்று இருக்கிறது. நெற்றிப்பொட்டு எலும்பு மெல்லியது, அதற்குப் பின்னால் ஒரு ரத்தக்குழாய் ஓடுகிறது. அது கிழிந்தால் மண்டையோட்டுக்கும் மூளையின் மேலுறைக்கும் நடுவில் ரத்தம் சேரும். முதலில் லேசாக மயங்கி, அப்புறம் தெளிந்து, பேசிச் சிரித்துக்கொண்டு இருப்பவர் சில மணி நேரத்தில் மறுபடியும் சரிவார். சரியான நேரத்தில் ஆபரேஷன் செய்தால் முழுசாகப் பிழைக்கக்கூடியவர் இவர். "நல்லாத்தானே பேசிட்டு இருந்தான்" என்று பின்னால் சொல்லும்படி ஆவது இவரைத் தனியாக வீட்டுக்கு அனுப்பிவிட்டால்தான்.

அந்த ராத்திரியும் அடுத்த ரெண்டு நாளும்

அபாய அறிகுறி இல்லாதவரையும் ஒரு டாக்டரிடம் காட்டுங்கள், அதுவரை தனியாக விடாதீர்கள். அவர் பைக் ஓட்டக்கூடாது; பின்னால் உட்கார்ந்து போவதும் எனக்குச் சம்மதமில்லை, தலை சுற்றினால் விழுந்துவிடுவார், கார் ஆட்டோ ஏதாவது பாருங்கள். அன்றைக்குக் குடி அறவே கூடாது. ஜெயித்த ராத்திரியில் இது எவ்வளவு முக்கியம் என்று அணி நடத்துபவர்களுக்குத் தெரியும். போதையும் மூளைக்காயமும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், கவனிப்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

வலிக்குப் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின், இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வேண்டாம், அவை ரத்தக்கசிவைக் கூட்டலாம். மெடிக்கலில் போய் "அடிபட்டிருக்கு, வலி ஊசி போடுங்க" என்று கேட்கும் பழக்கம் இதனால்தான் ஆபத்து. வாந்தி நிற்க மாத்திரை வாங்கிக் கொடுத்து அறிகுறியை மறைப்பதும் அப்படியே.

தூங்கவிடக்கூடாது என்று பாட்டிமார் சொல்வார்கள். டாக்டர் பார்த்து வீட்டுக்கு அனுப்பியவர் என்றால் தூங்கலாம், தூக்கம் மூளைக்குத் தேவையும்கூட. அதே அறையில் யாராவது படுத்திருந்து, மூச்சு ஒழுங்காக வருகிறதா என்று அவ்வப்போது பார்த்தால் சரி. இடையில் எழுப்பிப் பார்க்கவேண்டுமா என்று டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் 24 முதல் 48 மணி நேரம் வீட்டோடு ஓய்வு. இருட்டறையில் அடைந்து கிடக்கவேண்டும் என்பது பழைய முறை, இப்போது அப்படிச் சொல்வதில்லை. வீட்டுக்குள் நடக்கலாம், பேசலாம், சின்னச் சின்ன வேலை செய்யலாம். போனை மட்டும் இந்த ரெண்டு நாளும் முடிந்தவரை தள்ளி வையுங்கள், திரையைப் பார்ப்பதைக் குறைத்தால் சீக்கிரம் தேறுவதாகத் தெரியவந்திருக்கிறது.

ஏன் இவ்வளவு அவசரப்படாமல் இருக்கவேண்டும்

முதல் அடி ஆறுவதற்குள் ரெண்டாவது அடி விழுந்தால், அது லேசானதாக இருந்தாலும், மூளை கட்டுப்பாடில்லாமல் வீங்கி நிமிஷங்களில் உயிர் போகலாம். அரிதானதுதான், ஆனால் இதில் மாட்டுபவர்களில் அதிகம் பேர் பதின்பருவப் பிள்ளைகள். 2011-ல் வட அயர்லாந்தில் பள்ளி ரக்பி ஆட்டத்தில் ஒரு 14 வயதுப் பையன் அடிபட்ட பிறகும் தொடர்ந்து ஆடி, களத்திலேயே சரிந்து இறந்துபோனான். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 13 வயதுப் பையன் ஒருவன் அடிபட்டு, அதே ஆட்டத்தில் திரும்ப இறக்கப்பட்டு, வாழ்நாள் முழுக்கப் பாதிப்போடு நின்றான். அதன் விளைவாக 2009-ல் அங்கே சட்டமே வந்தது: சந்தேகம் வந்தால் பிள்ளையை வெளியே எடுக்கவேண்டும், டாக்டர் எழுதிக் கொடுக்காமல் திரும்ப ஆடவிடக்கூடாது. சில வருஷங்களில் மற்ற எல்லா மாநிலங்களும் இதேபோல் சட்டம் கொண்டுவந்தன. நமக்குச் சட்டம் வரும்வரை காத்திருக்கவேண்டியதில்லை, ஊர்க் கமிட்டி ஒரு தீர்மானம் போட்டால் போதும்.

திரும்பி வரும் வழி

2022-ல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய விளையாட்டு மருத்துவ வல்லுநர்கள் 6 கட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். கபடிக்கு ஏற்றபடி சொல்கிறேன். முதலில் அன்றாட வேலைகள். அடுத்து நடை, லேசான சைக்கிள், அப்புறம் கொஞ்சம் வேகமான ஓட்டம். மூன்றாவது, தனியாகக் கால்வீச்சு, திரும்புதல், பாடிப் போய் வரும் பயிற்சி, எதிரே ஆள் இல்லாமல். இதுவரை லேசான அறிகுறி இருந்தாலும் செய்யலாம், ஆனால் செய்யும்போது தலைவலி நன்றாகக் கூடினால் அன்றைக்கு நிறுத்திவிட்டு மறுநாள் மறுபடி முயலவேண்டும். நாலாவதற்குப் போகும் முன் அறிகுறி சுத்தமாகப் போயிருக்கவேண்டும், டாக்டரின் சம்மதமும் வேண்டும். நாலாவது, அணியோடு தொடாமல் ஆடும் பயிற்சி. ஐந்தாவது, பிடியோடு முழுப் பயிற்சி. ஆறாவதுதான் போட்டி. ஒவ்வொரு கட்டத்துக்கும் குறைந்தது ஒரு நாள். நாலாவதிலோ ஐந்தாவதிலோ அறிகுறி தலைகாட்டினால் மூன்றாவதுக்குத் திரும்பிப் போகவேண்டும்.

பெரியவர்களுக்குப் பொதுவாக ரெண்டு வாரம், பிள்ளைகளுக்கு நாலு வாரம் வரை ஆகும். பிரிட்டனில் 2023-ல் சாதாரண கிளப் ஆட்டக்காரர்களுக்கு வந்த வழிகாட்டுதல் 21 நாளுக்கு முன் போட்டியே கூடாது என்கிறது. கூடவே டாக்டர் இல்லாத நம் ஊர் அணிகளுக்கு அந்த 21 நாளைத்தான் நான் சிபாரிசு செய்வேன். எண்ணவும் சுலபம், சண்டை போடவும் இடமில்லை.

பள்ளிப் பிள்ளைகள் முதலில் வகுப்புக்குத் திரும்பவேண்டும், அப்புறம்தான் களம். பாடம் படித்தால் தலைவலி வரும் பிள்ளையைப் பாடிப் போக அனுப்பக்கூடாது. வகுப்பு ஆசிரியருக்கும் விஷயத்தைச் சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் கவனமில்லை என்று பிள்ளை திட்டு வாங்கும்.

பயிற்சியில் செய்யவேண்டியது

ஹெல்மெட் மண்டையோடு உடைவதைத் தடுக்கும், மூளை உள்ளே குலுங்குவதைத் தடுக்காது. அமெரிக்கக் கால்பந்தில் அத்தனை பெரிய ஹெல்மெட் போட்டும் அவர்கள் கதை தெரிந்ததே. 2002-ல் பிட்ஸ்பர்க் அணியின் பழைய வீரர் மைக் வெப்ஸ்டர் 50 வயதில் இறந்தபோது, பென்னட் ஒமாலு என்ற டாக்டர் அவருடைய மூளையைப் பரிசோதித்து, குத்துச்சண்டைக்காரர்களிடம் 1928-லேயே விவரிக்கப்பட்ட வகையிலான நெடுநாள் சிதைவைக் கண்டார். ஸ்காட்லாந்தில் 2019-ல் வெளியான ஆய்வில், நமக்குத் தெரிந்த, காலால் உதைத்து ஆடும் கால்பந்தின் பழைய தொழில்முறை வீரர்கள் மூளைச் சிதைவு நோய்களால் இறப்பது மற்றவர்களைவிட மூன்றரை மடங்கு அதிகம் என்று தெரிந்தது. ஆடிய எல்லோருக்கும் இது வரும் என்று பயப்படவேண்டாம். ஆனால் பெரிய அடி மட்டுமில்லை, வருஷக்கணக்கில் சேரும் சின்னச் சின்ன இடிகளும் கணக்கில் சேர்கின்றன என்பதைக் கோச்கள் மறக்கக்கூடாது.

அதனால் தினமும் முழு வேகப் பிடி வேண்டாம். அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்து லீகே 2011 முதல் முழுக் கவசத்தோடு மோதும் பயிற்சியை சீசனுக்கு 14 என்று சுருக்கிவிட்டது. வாரத்தில் ஒன்றிரண்டு நாள் பிடி, மற்ற நாட்களில் கால்வேலை, ஓட்டம், மூச்சு என்று பிரித்துக்கொள்ளலாம்.

புதியவர்களுக்குக் கணுக்கால் பிடியைப் பாதி வேகத்தில் சொல்லிக்கொடுங்கள்: கண் திறந்தபடி, தாடையை மார்போடு ஒட்டாமல், தலை ரெய்டரின் காலுக்கு முன்னால் போகாமல் வெளிப்பக்கமாக. ரெண்டு பேர் சேர்ந்து பாயும் பிடியில் யார் மேலே, யார் கீழே என்று முன்பே பேசிவைத்தால் தலைகள் மோதுவது குறையும். மல்லாந்து விழக் கற்றுக்கொடுக்கும்போது தாடையை உள்ளே இழுத்துக்கொள்ளச் சொல்லுங்கள், பின்மண்டை தரையில் அடிக்காது. கழுத்துக்குப் பயிற்சி கொடுப்பதும் நல்லது, முக்கியமாகப் பெண்கள் அணிகளுக்கு.

கடைசியாக ஒரு நோட்டுப் புத்தகம். யாருக்கு, எந்தத் தேதியில், எப்படி அடிபட்டது, என்ன அறிகுறி, எப்போது தேறினார், டாக்டர் என்ன சொன்னார் என்று அணியில் ஒருவர் எழுதிவைக்கட்டும். டாக்டரிடம் போகும்போது அதைக் கொண்டுபோங்கள், முன்பு எத்தனை தடவை அடிபட்டது என்பது அவருக்கு முக்கியமான தகவல். நம் பையன் சீசன் நடுவில் வேறு ஊர் அணிக்கு ஆடப் போகிறான் என்றால் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அந்த அணியின் பொறுப்பாளருக்கு அனுப்பிவிடுங்கள். 21 நாள் முடியாதவனை அவர்கள் அறியாமல் இறக்கிவிடக்கூடாது.